வேண்டாமென்று யார் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வர்தாரி எழும்பிவிட்டது. வடக்கே மலைகளிலிருந்து ஆக்சியோஸ் ஆற்றுப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற காற்று அது. எங்கள் கழிமுகத்துக்கு வந்து சேரும்போது காதைப் பிய்த்துக்கொண்டு போகும். அது அடிக்கிற நாளில் சிப்பிப் பண்ணைக்கு ஒருவரும் படகு விடமாட்டார்கள். ஆனால் எட்டு நாளில் சுத்தத் திங்கள். அன்றைக்குத் தவக்காலம் தொடங்கிவிடும். நாடு முழுக்க இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சிப்பியும் கணவாயும் கேட்கும். வருஷ வியாபாரத்தில் பாதி அந்த வாரத்தில்தான். ஸ்டெர்யோஸ் கரையில் நின்று, கடலுக்குள் முளைக்குச்சிகளில் தொங்குகிற தன் சிப்பிச் சரங்களைப் பார்த்தபடி காற்றைத் திட்டிக்கொண்டிருந்தான். கனம் தாங்காமல் சரம் அறுந்து சேற்றில் விழுந்தால் ஒன்றரை வருஷ உழைப்பு நண்டுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் அவனுக்குத் திட்டுவதற்கு இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் நான்கு பேரும் இத்தாலிக்குப் பறக்க வேண்டும்.

தம்பி தோமாஸ் அங்கே பியாசென்சாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். மனைவி ஓர்னெல்லா அந்த ஊர்க்காரி. அவர்களுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. வரும் ஞாயிறு மிலானில் எங்கள் கிரேக்கர்களின் கோயிலில் ஞானஸ்நானம். தோமாஸின் இறந்துபோன தாயின் பெயரை, எவாந்தியா என்று, வைக்கப் போகிறார்கள். ஞானத்தாய் ஸ்டெர்யோஸின் மனைவி ஸஃபீரா. எண்ணெய், சிலுவை, வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் அவள் வாங்கிக் கொண்டுபோக வேண்டும். அவள் இல்லாமல் சடங்கே இல்லை.

இந்த அழைப்பு சும்மா வந்ததல்ல. தாயை அடக்கம் செய்த அன்று தோமாஸால் வந்து சேர முடியவில்லை. ஸ்டெர்யோஸ் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். என்ன வார்த்தை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிறந்ததும் தோமாஸ் அண்ணனைக் கூப்பிடாமல் அண்ணியைக் கூப்பிட்டான். "அண்ணி, நீங்கதான் எண்ணெய் தடவணும்" என்றான். அப்படி ஒட்டிய உறவு. பசை இன்னும் காயவில்லை.

அன்று மாலை தொலைக்காட்சியில் இத்தாலியைக் காட்டினார்கள். புதிய தொற்று பரவுகிறதென்று பியாசென்சாவுக்குப் பக்கத்தில் பத்துப் பதினோரு ஊர்களைப் பூட்டிவிட்டார்களாம். சாலையின் குறுக்கே போலீஸ் வண்டி, அதன் பின்னால் வெறும் தெரு. ஸ்டெர்யோஸ் தம்பிக்குப் போன் போட்டு மேசைமேல் வைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று.

"என்னடா, ஊரையெல்லாம் பூட்டுறான்னு காட்டுறாங்க?"

"ஆமாண்ணே. அது ஆத்துக்கு அந்தப் பக்கம். இங்க ஒண்ணுமில்ல."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ஒரு பதினஞ்சு கிலோமீட்டர்."

"அப்ப தூரந்தான்."

"தூரந்தான். ஆனா உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"எங்களுக்கு என்ன தோணப்போகுது? உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி."

"எங்களுக்கு என்ன வசதி பாக்கவேண்டியிருக்கு? நீங்க வர்றதுதான் சந்தோஷம். பாதிரியார்கூட, கூட்டம் சேர்க்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா நாலைஞ்சு பேர்னா கதவைச் சாத்திக்கிட்டு நடத்திரலாம்கிறார்."

"அப்ப நடக்குது."

"நடக்கும்னுதான் நெனைக்கிறேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நீ நெனைக்கிறதுதான்."

போனை வைத்தார்கள். ஸஃபீரா பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைத் தட்டென்று வைத்தாள்.

"பதினஞ்சு கிலோமீட்டர் தூரமாம்! இங்கிருந்து தெசலோனிக்கி அதைவிடத் தூரம். அங்க எவனாவது தும்மினா நீ இங்க போர்வையை இழுத்து மூடிக்குவே."

ஸ்டெர்யோஸ் நிமிர்ந்தான். "அப்ப, வேண்டாங்கிறியா?"

அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. ஸஃபீராவுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஆசை. கண் புரை அறுத்த பிறகு மாமனார் டிராக்டர் ஓட்டக்கூடாது என்று வீடே நினைத்தது, சொன்னது அவள். ஸ்டெர்யோஸ் கூட்டாளியோடு சேர்ந்து இரண்டாவது பண்ணை போடக் கிளம்பியபோது அவனுக்கே பயமாக இருந்தது, வேண்டாமென்றவள் அவள். அவள் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பிறகு காப்பிக்கடையில் போய், "எனக்கு ஆசைதான், இவ விடல" என்பார்கள். ஊரில் அவளுக்கு 'போலீஸ்காரி' என்று பெயர்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "நான் ஞானத்தாய். வான்னா வருவேன். பையைக் கட்டுன்னா கட்டுவேன்."

"உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டேன்."

"என் மனசு லீவுல போயிருக்கு. நீயும் உன் தம்பியும் உங்கப்பாவும் மூணு ஆம்பிளைங்க இருக்கீங்க. பேசி முடிவு பண்ணுங்க."

மூலையில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் ஆர்கிரிஸ் இருமினார். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நுரையீரல். இருமி முடித்து, "இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? என் பொண்டாட்டி பேரை வைக்கிறாங்க. நான் போறேன்" என்றார்.

பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில் படிக்கிற மகள் கிரிசாந்தி போனிலிருந்து தலை தூக்காமல், "தாத்தா, வயசானவங்களுக்குத்தான் ரொம்ப ஆபத்துன்னு போட்டிருக்கு" என்றாள்.

"எனக்கு எல்லாமே ஆபத்துதான். ஏணி ஆபத்து, உப்பு ஆபத்து, உங்க அம்மா ஆபத்து."

*

செவ்வாய்க்கிழமை காற்று படுத்தது. விடிந்ததும் தட்டைப் படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஸ்டெர்யோஸ் சரங்களை ஒவ்வொன்றாக ராட்டினத்தில் தூக்கிப் படகில் கிடத்தினான். கறுத்து, பாசி படர்ந்து, நீர் சொட்டுகிற ஆள் உயரச் சரங்கள். கரையில் கொட்டகைக்குள் ஸஃபீராவும் மிரேலாவும் அவற்றை உருவி இயந்திரத்தில் போட்டார்கள். தூரிகை உருளையில் உரசிப் பாசி போய், சிப்பி பளபளவென்று மறுபக்கம் விழும். அதைப் பொறுக்கி, செத்தது திறந்ததை ஒதுக்கி, ஓட்டிலிருந்து நீளுகிற நார்த் தாடியைப் பிடுங்கி, வலைப்பையில் போட வேண்டும். சிமென்டுத் தரையின் குளிர் ரப்பர் பூட்ஸுக்குள் ஏறி முழங்காலைப் பிடிக்கும். கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்.

மிரேலா அல்பேனியாக்காரி. இருபது வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிறாள். வேலையைவிட வேகமாகப் பேசுவாள்.

"அக்கா, போறீங்களா இல்லையா?"

"தெரியாது."

"டிக்கெட் போட்டது நீங்க. தெரியாதுன்னா?"

"போட்டது ஸ்டெர்யோஸ். கேளு போய்."

"கேட்டேன். ‘உங்க அக்காவைக் கேளு’ன்னார். பெரியவரைக் கேட்டா சூட்டை இஸ்திரி போடச் சொல்லி என்கிட்ட தர்றார். நான் சிப்பி பொறுக்கவா, சூட்டு தேய்க்கவா?"

"சூட்டு எங்க?"

"அங்க ஆணியில தொங்குது. சிப்பி நாத்தம் ஏறப்போகுது. அப்படியே இத்தாலிக்குப் போனா கோயில்ல பூனையெல்லாம் பின்னாடி வரும்."

ஸஃபீரா சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பின் மேலேயே கோபமும் வந்தது. கையிலிருந்த சிப்பியைத் தொட்டியில் எறிந்தாள்.

"ஒரு வார்த்தைடி மிரேலா. மூணு எழுத்தோ நாலு எழுத்தோ. ஒருத்தன் வாயிலிருந்தாவது வருதா பாரு. ஞாயித்துக்கிழமை போன் போட்டான், நேத்து ரெண்டு தடவை போட்டான். ‘நீங்க எப்படிச் சொல்றீங்களோ’, ‘இல்ல, நீங்க எப்படிச் சொல்றீங்களோ.’ மழையில ஒரே குடையை ‘நீங்க பிடிங்க’ன்னு மாத்தி மாத்தி நீட்டுற ரெண்டு மாப்பிள்ளைங்க மாதிரி. ரெண்டு பேருக்கும் பயம். நான் சொல்லிட்டா இவனுக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. கிழவருக்கு மட்டும் நான் சாகிறவரைக்கும் அவர் பொண்டாட்டி பேரு வைக்கிறதைக் கெடுத்தவ."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லலையே. சொல்லாம இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. தொண்டையில முள்ளு மாதிரி."

*

புதன்கிழமை பிற்பகல் தெசலோனிக்கியிலேயே ஒருத்திக்கு அந்தத் தொற்று வந்துவிட்டது என்று செய்தி. இத்தாலிக்குப் போய்விட்டு வந்தவளாம். ஊர் அரை மணி நேரத்தில் வேறாகிவிட்டது. மருந்துக்கடையில் முகமூடி தீர்ந்தது. காப்பிக்கடையில் ஒருவன் தும்மினதற்கு இன்னொருவன் எழுந்து வெளியே போனான். இரண்டு ஓட்டல்காரர்கள் சிப்பி ஆர்டரை ரத்து செய்தார்கள். மூன்று பேர் இரட்டிப்பாகக் கேட்டார்கள். எதற்கும் ஒரு அர்த்தம் இல்லை.

ஸ்டெர்யோஸ் வீட்டுக்கு வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். "அப்பா, கேட்டீங்களா? இங்கயே வந்திருச்சு" என்றான்.

"கேட்டேன்" என்றார் ஆர்கிரிஸ். "நல்லதாப் போச்சு."

"நல்லதா?"

"அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. அப்ப எங்க இருந்தா என்ன? கிளம்பு."

 கிரிசாந்தி, "அப்படி இல்ல தாத்தா" என்று தொடங்கினாள். எத்தனை பேருக்கு இத்தாலியில், எத்தனை பேருக்கு இங்கே என்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு அந்த நீலக் கவுனைப் போட்டுக்க வேண்டாமா?" என்றார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கவுனைக் கண்ணாடி முன்னால் எத்தனை முறை போட்டுப் பார்த்தாள் என்பது வீட்டுக்கே தெரியும்.

"எனக்கும் போகணும்தான். யார் இல்லேன்னா?" என்றாள் அழுகிற குரலில். "ஆனா திரும்பி வந்தா பள்ளிக்கூடத்துல யாரும் பக்கத்துல உட்காரமாட்டாங்க. பரீட்சை வருஷம். யாராவது ஒருத்தர் சொல்லித்தொலைங்களேன்!"

எல்லோரும் ஸஃபீராவைப் பார்த்தார்கள்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய் நான்கு பெட்டிகளையும் இழுத்து வந்து சமையலறையின் நடுவில் வைத்தாள். சிலுவை இருந்த சிறிய பெட்டி, ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி, ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற வெள்ளை உடுப்பு, எண்ணெய் போத்தல் என்று ஒவ்வொன்றாக எல்லோர் கண் முன்னாலும் அடுக்கினாள். கணவனின் சட்டைகளை மடித்தாள். மாமனாரின் மாத்திரைகளை வைத்தாள். அந்த இரண்டு நாளும் சமையலறையில் நடக்க வேண்டியவர்கள் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தார்கள். ஸ்டெர்யோஸ் இரண்டு தடவை முழங்காலில் இடித்துக்கொண்டான். பெட்டியை நகர்த்திப் போடவில்லை.

*

வியாழக்கிழமை, தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா ஊர்வலங்களை எல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது. விமானத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஸ்டெர்யோஸ் விமானக் கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்து, "ரத்தாகுமா?" என்று கேட்டான். "இப்போதைக்குச் சரியான நேரத்துக்குக் கிளம்புது சார்" என்றாள் ஒரு பெண், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

மாலையில் கொட்டகையில் ஸஃபீரா கடைசிப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிரேலாவை அனுப்பியாகிவிட்டது. ஆணியில் தொங்கிய சூட்டின்மேல் யாரோ பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஈரக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தோமாஸை விட்டுவிட்டு ஓர்னெல்லாவைக் கூப்பிட்டாள்.

ஓர்னெல்லாவுக்குக் கிரேக்கம் கொஞ்சம்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த சொற்கள். அவற்றை உடைந்த தட்டை ஒட்டுவதுபோல ஒட்டிப் பேசுவாள்.

"ஓர்னெல்லா, நான் ஸஃபீரா. அவன் பக்கத்துல இருக்கானா?"

"தோமாஸ் கடை போனான். சாமான் வாங்க. எல்லாரும் வாங்குறாங்க. பெரிய வரிசை."

"நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. நாங்க வரணுமா?"

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற ஓசை கேட்டது.

"தோமாஸ் சொல்றான், நான் சொல்லக்கூடாது."

"எதை?"

"எங்க அப்பா இருமல். நாலு நாள். காய்ச்சல் ரொம்ப. டாக்டர் வீட்டுக்கு வரல, போன்ல மட்டும் பேசறார். அப்பா எங்ககூட இருக்கார், அதே வீடு. தோமாஸ் சொல்றான், இதைச் சொன்னா அண்ணன் நெனைப்பான், வரவேண்டாம்னு நாங்க சாக்கு சொல்றோம்னு. திரும்பச் சண்டை. அதனால வாய மூடு, அவங்களே சொல்லுவாங்கன்னு."

ஸஃபீரா கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல்காரர் இருக்கிற வீட்டுக்கு, நுரையீரல் பாதி போன கிழவரை, சூட்டு மாட்டி அழைத்துக்கொண்டு போக இருந்தார்கள். அண்ணன் என்ன நினைப்பான் என்று தம்பியும், தம்பி என்ன நினைப்பான் என்று அண்ணனும் யோசித்துக்கொண்டிருந்ததில்.

"மடையனுங்க" என்றாள்.

"என்ன? அந்தச் சொல் தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும். ஓர்னெல்லா, கேட்டுக்கோ. நாங்க வரல. ஞானஸ்நானம் இப்ப இல்ல. நான்தான் சொன்னேன்னு சொல்லு. உன் புருஷன்கிட்டயும் சொல்லு, ஸஃபீரா வரமாட்டேன்னுட்டான்னு. உங்கப்பாவைப் பாரு. குழந்தையை அவர்கிட்ட விடாதே."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "நன்றி. நன்றி ஸஃபீரா. நான் அழறது வருத்தம் இல்லை. வருத்தம்தான். ஆனா நன்றி."

ஒரு வாரமாக ஆண்கள் பேசாத பேச்சு, பை கட்டுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். "அங்க ஓர்னெல்லாவோட அப்பாவுக்குக் காய்ச்சல். நாங்க வரலைன்னு சொல்லிட்டேன்."

ஸ்டெர்யோஸ் கண்ணை மூடித் திறந்தான். தோள் இரண்டும் இறங்கின. ரொட்டியை எடுத்துக் கடித்தான். மூன்று நாளாக அவன் ரொட்டியைச் சரியாக மென்று அவள் பார்க்கவில்லை.

ஆர்கிரிஸ் கரண்டியை வைத்தார். "யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரையும் கேக்கல மாமா."

"எவாந்தியா உனக்கு என்ன குறை வெச்சா? சொல்லு. அவ பேரு ஒரு குழந்தைக்கு வைக்கிறதுல உனக்கு என்ன வலிக்குது?"

"அப்பா" என்றான் ஸ்டெர்யோஸ்.

"நீ சும்மா இரு. நீ எப்பவும் சும்மாதானே இருக்கே!"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சூப் ஆறிப் போயிற்று.

*

வெள்ளிக்கிழமை காலை அவர் கட்டில் காலி. சூட்டும் இல்லை, அவருடைய பெட்டியும் இல்லை.

ஸஃபீரா பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவர் வேறு எங்கும் போயிருக்க முடியாது. ஊர்க்கோடியில், நெல்வயல்களுக்கு முன்னால், தெசலோனிக்கிப் பேருந்து நிற்கிற இடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயல்களில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. மேற்கோட்டு இல்லை, வெறும் சூட்டு. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"வீட்டுக்கு வாங்க மாமா."

"பஸ்ஸு வரும்."

"வந்தா? விமான நிலையத்துல எந்த வாசல்னு தெரியுமா? அங்க இறங்கினா யார் வருவா?"

"வாய் இருக்கு. கேட்டுப் போவேன்."

அவள் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினாள். அவர் தட்டிவிடவில்லை. சுற்றிய பிறகு பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

"நான் அவளை அடக்கம் பண்ணின அன்னைக்குச் சரியாக்கூட அழல" என்றார் கிழவர். "தோமாஸ் வரலேன்னு கோபம். இவன் அவனைப் போன்ல திட்டுறான்னு கோபம். அதுலயே அந்த நாள் போயிடுச்சு. பாதிரியார் என்ன சொன்னார், யாரு வந்தா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. இன்னொரு தடவை பாதிரியார் வாயால அந்தப் பேரைச் சொல்றதைக் கேக்கணும். உயிரோட இருக்கிற ஒருத்திக்கு. அவ்வளவுதான். இது பெரிய ஆசையா?"

"இல்ல."

"அப்ப ஏன் வேண்டாங்கிறே?"

"உங்களைப் புதைக்கிற அன்னைக்கும் நாங்க இப்படியே ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னுதான்."

 தூரத்தில் பேருந்து திரும்புவது தெரிந்தது. வந்து நின்றது, கதவு மூச்சு விட்டுத் திறந்தது. ஆர்கிரிஸ் எழுந்து பெட்டியைத் தூக்கினார். பிறகு நின்றார். மருமகளைப் பார்த்தார். எப்போதும்போல அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார்.

ஸஃபீரா தலையை ஆட்டினாள். "இல்ல மாமா. ஓர்னெல்லாகிட்ட நான் சொன்னேன், உங்க மகன்கிட்ட நான் சொன்னேன். இதை நான் சொல்லமாட்டேன். ஏறணும்னா ஏறுங்க. கையைப் பிடிச்சு இழுக்கமாட்டேன்."

"பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்றான் ஓட்டுநர். "குளிரு உள்ள வருது."

"இரு."

"எனக்கு நேரமாச்சு."

"இருன்னேன்ல!"

உள்ளே இரண்டு கிழவிகள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார்கள். ஆர்கிரிஸ் படியில் ஒரு காலை வைத்தார். இருமல் வந்தது. வளைந்து, கம்பியைப் பிடித்து, நெடுநேரம் இருமினார். கிழவிகள் இருவரும் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். இருமல் நின்றதும் அவர் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். காலைக் கீழே எடுத்தார்.

"போ" என்றார் ஓட்டுநரிடம். "நான் வரல."

திரும்பி வருகிற வழி முழுக்க அவர் பெட்டியைத் தரவில்லை. 

*

சுத்தத் திங்களன்று நல்ல வெயில். இருந்த சிப்பி எல்லாம் போய்விட்டது. சிறுவர்கள் கரையில் பட்டம் விட்டார்கள். மிரேலா உட்பட எல்லோரும் கொட்டகை வாசலில் மேசை போட்டு, சிப்பிச் சோறும், அன்றைக்கு மட்டும் சுடுகிற லகானா ரொட்டியும் ஊறுகாய் மிளகாயும் வைத்துச் சாப்பிட்டார்கள். தோமாஸ் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "அண்ணி சொன்னது நல்லதாப் போச்சு" என்றான். "நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றான் ஸ்டெர்யோஸ். ஸஃபீரா கேட்டுக்கொண்டே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பழம் நசுங்கித் தோல் கிழிந்தது.

மார்ச் பாதியில் எங்கள் ஊரும் பூட்டப்பட்டது. மாதக் கடைசியில் ஓர்னெல்லாவின் அப்பா ரென்சோ ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிள்ளைகள் யாரையும் உள்ளே விடவில்லை. சவப்பெட்டி எங்கே போயிற்று என்றுகூட ஒரு வாரத்துக்குத் தெரியவில்லை. தோமாஸ் இதைச் சொல்லும்போது போன் மேசைமேல்தான் இருந்தது.  ஆர்கிரிஸ், "அந்த மனுஷனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். தன்னைவிட ஆறு வயது இளையவர் என்று தெரிந்ததும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் காப்பிக்கடை திறந்தபோது, "நான்தான் பஸ்ஸை அனுப்பிவெச்சேன்" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. ஸஃபீராவுக்கு அதைச் சொன்னபோது, "அது உண்மைதான்" என்றாள்.

மறு வருஷம் கோடையில் தோமாஸ் குடும்பம் இங்கே வருவதாக முடிவாயிற்று. ஞானஸ்நானம் எங்கள் ஊர்க் கோயிலிலேயே. அதற்கு ஒரு மாதம் முன்னால் ஓர்னெல்லா ஸஃபீராவைக் கூப்பிட்டாள். அவளுடைய கிரேக்கம் இப்போது கொஞ்சம் தேறியிருந்தது.

"ஸஃபீரா, ஒண்ணு கேக்கணும். தோமாஸுக்குச் சொல்ல பயம். குழந்தைக்கு எங்க அப்பா பேரு வைக்க ஆசை. அவரை நான் கடைசியில பாக்கவே இல்ல. உங்க மாமாகிட்ட யார் சொல்றது?"

ஸஃபீரா போனைக் காதிலிருந்து எடுத்து ஆகாயத்தைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். "சரி" என்றாள். வேறென்ன சொல்வது?

கிழவர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சரம் கட்டுகிற வலைக்குழாய்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினாள், சிப்பி விலையைப் பற்றிப் பேசினாள். அவர் பாதியில் நிறுத்தினார்.

"அந்த ரென்சோ பேரு பொம்பிளைப் பிள்ளைக்கு எப்படி வரும்?"

அவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ ஒரு மணி நேரமா வெயில் வெயில்ங்கிறே. தகப்பனைப் பாக்காம விட்டவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாதா?" வலையில் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். "போன வாரமே பாதிரியாரைக் கேட்டேன். ரென்சோ நம்ம மொழியில பொண்ணுக்கு லவ்ரெந்தியான்னு வரும்ங்கிறார். நம்ம பக்கமும் அப்படி ஒரு புனிதர் உண்டாம். வாயில நுழையல. பரவாயில்ல, பழகும்."

ஸஃபீரா பெட்டியிலிருந்து எழுந்தாள். "அப்ப நான் ஓர்னெல்லாகிட்ட..."

"அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். போன் நம்பரை மட்டும் போட்டுக் குடு." அவர் முடிச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ இன்னொரு இடத்துல சொல்லணும். எவாந்தியாகிட்ட. கல்லறைக்குப் போய் நீ சொல்லிடு. அவகிட்ட என்னால முடியாது."

சனிக்கிழமை சாயங்காலம் ஸஃபீரா எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மாமியாரின் சலவைக்கல்லைத் துடைத்தாள். வாடிய பூக்களை எடுத்துப் போட்டாள். விளக்கை ஏற்றினாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

"அத்தை, உங்க பேரு இந்தத் தடவை இல்ல. இதையும் நான்தான் வந்து சொல்லவேண்டியிருக்கு. உங்க வீட்டு ஆம்பிளைங்களை எப்படித்தான் வளர்த்தீங்களோ! கோபம் வந்தா என் கனவுல வராதீங்க. நேரா மாமா கனவுல போங்க."

சொல்லிவிட்டு, காற்றில் அசைந்த சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு, அது நின்று எரிகிறவரை அங்கேயே குந்தியிருந்தாள்.